மூன்று சென்டிமீட்டர்

ஆராய்ச்சிக்காரப் பெண் ஊரை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழே காலுக்குப் பேருந்து. லிஃப்ட்காரர் ஆறே முக்காலுக்கே பேருந்து நிலையத்துக்கு வந்துவிட்டார். கம்பெனிச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து, கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். வெறுங்கையோடு வழியனுப்பப் போகக் கூடாது என்று வாசலில் இருந்த கடையில் கடைசி நிமிடத்தில் வாங்கியது. அவர் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்த்து இரண்டு தரம் சொல்லியும் பார்த்தார். அப்போது நன்றாகத்தான் வந்தது.

மூன்று வருட வேலை இரண்டு பெட்டிகளுக்குள் அடங்கி அவள் காலடியில் நின்றது.

"என்ன அண்ணா, வேலையை விட்டுட்டு எதுக்கு வந்தீங்க?"

"வேலை எங்கம்மா ஓடிடப் போவுது?"

"அது சரி. ஓடாம நின்னாத்தான் உங்களுக்கு வேலையே."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள்தான் ஆரம்பித்தாள்.

"கூட்டத்துல நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க அண்ணா. உங்களுக்கெல்லாம் அளக்கச் சொல்லிக் குடுத்தது நான். எங்கயோ நான்தான் சரியா சொல்லித் தரல."

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர், தள்ளுவண்டியில் ஒரு குழந்தை. "இதோ வர்றேன், பத்து நிமிஷம்" என்றார். பிஸ்கட் பாக்கெட்டை அவள் கையில் திணித்து, "போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். பேருந்து கிளம்ப இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அந்த வாக்கியத்துக்கு ஒரு மூச்சு போதும். அந்த அழைப்பு வந்ததில் தனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை அவர் பின்னாளில் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துக் கூசியிருக்கிறார்.

லிஃப்ட் வேலையில் அவருக்கு இருபத்தாறு வருடம். அவர் பழுது பார்த்த லிஃப்ட் மாடியில் வந்து நின்றால், உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும். மூன்று மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ நின்றால்கூடச் சாப்பிடாமல் கொள்ளாமல் திரும்ப மேலே ஏறிவிடுவார். "யாருங்க அதைப் பாக்கப் போறா?" என்று காவலாளி கேட்டால், "பாக்க மாட்டாங்க, தடுக்கி விழுவாங்க" என்பார். கம்பெனியில் அவருக்கு இருந்த மரியாதையெல்லாம் அந்த மூன்று மில்லிமீட்டரால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமையானால் ஆள் வேறு. விடிவதற்குள் தூண்டில் கம்பும் இரை டப்பாவுமாக, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக் கல்சுவரில் போய் நின்றுவிடுவார். அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட சுவர் அது. அவரையும் சேர்த்து இருபது பேர் வாரம் தவறாமல் வருவார்கள். யாருக்கும் மீன் பிடிப்பது பிழைப்பில்லை. ஒருவர் முடி வெட்டுகிறவர், ஒருவர் வங்கியில் காசாளர், இரண்டு பேர் ஓட்டுநர்கள். "மீனுக்காகவா போறாரு?" என்பாள் லிஃப்ட்காரரின் மனைவி. மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். ஆளைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவாள். "ஞாயித்துக்கிழமை ஒட்டடை அடிக்கணும் பாருங்க. அதுல இருந்து தப்பிக்கத்தான் கடல்."

அந்தச் சுவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பிடித்த மீனின் நீளத்தைச் சொல்லும்போது இரண்டு விரல்கடை, அதாவது மூன்று சென்டிமீட்டர், சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்போது, யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் ஐம்பது சென்டிமீட்டர் என்று சொன்னால் கேட்கிற காது தானாக மூன்றைக் கழித்து நாற்பத்தேழு என்று எடுத்துக்கொள்ளும். அதனால் அங்கே யாரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை. புதிதாக வந்த ஒருவர், நாற்பத்தேழு மீனை நாற்பத்தேழு என்றே சொன்னார். எல்லோரும் நாற்பத்துநாலு என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்கள். அந்தச் சுவரில் உள்ளதை உள்ளபடி சொன்னவருக்குத்தான் நஷ்டம்.

ஆராய்ச்சிக்காரப் பெண் முதன்முதலில் அங்கே வந்தபோது தொளதொளவென்ற ஒரு சட்டையும், தொப்பியும், கையில் அளவுகோல் பதித்த ஒரு பலகையுமாக இருந்தாள். தூண்டில் சாமான் கடை வாசலில் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினாள். முகத்துவாரத்தில் கிடைக்கிற கொடுவா மீனைப் பற்றி இத்தனை வருடமாக அதைப் பிடித்தவர்களுக்கே தெரியாத ஒன்றைச் சொன்னாள். கொடுவா முதலில் ஆணாக இருக்கும். வளர்ந்து பெரிதானதும் பெண்ணாக மாறும். பெரிய கொடுவாவெல்லாம் தாய் மீன்.

முடிதிருத்துபவருக்கு வாய் சும்மா இருக்காது. "சின்னதா இருக்கறப்ப ஆம்பள, பெருத்தா பொம்பளையா? எங்க வீட்டுக் கதைதான்மா. நான் அப்படியே இருக்கேன், பெருத்தது பூரா அவதான்."

"அண்ணிகிட்ட இதைச் சொல்லட்டுமா?" என்றாள் அவள் உடனே.

அந்த ஒரு பதிலில் இருபது பேரும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

அவள் கேட்டது இதுதான். கொடுவா முட்டையிட முகத்துவாரத்துக்கு வருகிற இரண்டு மாதமும் அங்கே வலை கட்டக் கூடாது என்று அரசு உத்தரவு வர வேண்டும். அதற்கு, எந்த மீன் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்றெல்லாம் காட்ட வேண்டும். "நான் ஒருத்தி எத்தனை மீன் பிடிச்சுட முடியும்? நீங்க இருபது பேர் நிக்கறீங்க. பிடிங்க, அளங்க, டேக் குத்துங்க, விட்டுடுங்க. கார்டு மட்டும் எனக்கு அனுப்புங்க. நான் ஆபீஸ்ல உக்காந்திருக்கற நேரமெல்லாம் நீங்கதான் எனக்குக் கண்ணு."

முறையையும் சொல்லிக்கொடுத்தாள். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். ஈரத்துணியால் கண்ணை மூடினால் துள்ளாது. பலகையின் ஒரு முனையில் இருக்கும் கட்டையில் மூக்கு இடிக்க வைத்து, வால் முடிகிற இடத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். முதுகுத் துடுப்புக்குக் கீழே, நூல் மாதிரி இருக்கும், எண் போட்ட மஞ்சள் டேக்கை ஊசியால் செருக வேண்டும். கார்டில் டேக் எண், நீளம், தேதி, இடம். அவ்வளவுதான்.

லிஃப்ட்காரரின் கைக்கு அது பிறந்ததிலிருந்து பழகியது போல வந்தது. முதல் மீனைத் தண்ணீருக்குள் இறக்கி வாலைப் பிடித்தபடி இருந்தார். அது கொஞ்ச நேரம் அசையாமல் அவர் கையிலேயே கிடந்து, செவுளை இரண்டு தரம் திறந்து மூடி, பிறகு ஒரே உதறலில் அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று. எழுந்து நின்றபோது ஏனோ சிரிப்பாக வந்தது அவருக்கு. எத்தனையோ மீன் பிடித்திருக்கிறார், ஒன்றுகூட இப்படிச் சிரிக்க வைத்ததில்லை.

பிறகு கார்டை எடுத்தார். பலகை காட்டியது நாற்பத்தாறு. கை நாற்பத்தொன்பது என்று எழுதியது.

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை. சுவரில் சொல்வதைப் போலத்தான் எழுதினார். கேட்கிறவர்கள் கழித்துக்கொள்வது போல இந்தத் தாளும் கழித்துக்கொள்ளும் என்று மனசுக்குள் எங்கோ இருந்திருக்க வேண்டும். போதாததற்கு, யார் எத்தனை மீன், என்ன நீளம் என்று மாதாமாதம் சாமான் கடைச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். முடிதிருத்துபவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தூக்கி அதைப் படிப்பார். அங்கே இவர் மட்டும் நாற்பத்தாறு என்று போட்டுவிட்டு நிற்பதா?

முதல் கார்டில் மூன்று சேர்த்தாகிவிட்டது. இரண்டாவதில் சேர்க்காவிட்டால் கணக்கு கோணலாகிவிடும் என்று தோன்றியது. ஆள்தான் துல்லியமானவர் ஆயிற்றே. எந்தக் கார்டிலும் இரண்டு சேர்த்ததில்லை, நான்கு சேர்த்ததில்லை. மூன்று வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மீன். எல்லாவற்றிலும் மூன்று.

அந்த மூன்று வருடத்தில் அவர் மாறித்தான் போனார். வீட்டுக்கு மீன் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். "ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் சம்பாரிச்சுக் கொண்டு வருவாங்க, என் வீட்டுக்காரர் பிடிச்சதைத் திரும்ப விட்டுட்டு வருவாரு" என்று மனைவி மருத்துவமனையில் பெருமையாகக் குறைபட்டுக்கொண்டாள். குட்டி மீனை வாளியில் போட்ட ஓட்டுநர் ஒருவரோடு சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டார். மற்ற பத்தொன்பது பேரும் சேர்ந்து முந்நூறு மீனுக்கு டேக் குத்தினால், இவர் ஒருவரே நானூறைத் தாண்டினார். கடல் வளக் காப்பில் கூட்டாளி என்று அவர் பெயர் போட்டு அவள் கொடுத்த சான்றிதழ், கூடத்தில் தொலைக்காட்சிக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது.

மூன்றாவது வருடம் டேக் குத்திய மீன்கள் திரும்பக் கிடைக்க ஆரம்பித்தன. வலைக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளே தன் கையால் அளப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு புரியல. நீங்க விட்ட மீன் ஒண்ணு ரெண்டு மாசத்துல திரும்பக் கிடைச்சிருக்கு. ரெண்டு சென்டி குறைஞ்சிருக்கு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

"தண்ணி சரியில்லையோ என்னவோம்மா. பட்டினி கெடந்திருக்கும்."

அவள் குறிப்பேட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். பட்டினி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவர் சும்மா சமாளிக்கச் சொன்ன சொல் அவள் அறிக்கையில் ஒரு பத்தியாகப் போய் உட்கார்ந்தது.

மீன்வளத் துறைக் கூடத்தில் கூட்டம் நடந்தபோது சுவர்க்காரர்கள் இருபது பேரும் குளித்து, துவைத்த சட்டை போட்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் பேச ஆரம்பிக்கும் முன்பு லிஃப்ட்காரரை எழுந்து நிற்கச் சொன்னாள். "இவர் ஒருத்தர் மட்டும் நானூத்திப் பன்னெண்டு மீனை அளந்து விட்டிருக்கார். இது இவங்க வேலை, நான் தொகுத்தேன், அவ்வளவுதான்." கூடம் கைதட்டியது. அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

அடுத்து, முகத்துவாரத்தை வலைக்கு ஏலம் எடுத்தவர்கள் தரப்பில் ஒருவர் எழுந்தார். அறிக்கையை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு வந்திருந்தார். குரல் தேனாக இருந்தது.

"மேடம், நாங்க வலை இழுக்கறவங்க. படிப்பு கம்மி. ஒரு சின்ன சந்தேகம். உங்க பட்டியல்ல முப்பத்தெட்டு மீன், விட்டப்ப இருந்ததைவிடத் திரும்பப் பிடிச்சப்ப சின்னதா இருக்கு. மீன் என்ன மேடம், துணியா? நனைச்சா சுருங்கறதுக்கு?"

கூடம் சிரித்தது. அதிகாரிகூட வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அவள் பட்டினியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். "தண்ணிக்குள்ளயே கெடக்கறதுக்குப் பட்டினியா?" என்றது பின்வரிசை.

"இதையெல்லாம் அளந்தது யாரும்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"தூண்டில்காரங்க சார்." ஒரு கணம் நிறுத்தினாள். "அவங்களுக்குக் கத்துக் குடுத்தது நான். தப்பு இருந்தா என்னோடது."

மூன்றாவது வரிசையில் இருபது பேரும் இருபது பக்கம் பார்த்தார்கள். லிஃப்ட்காரர் மின்விசிறியைப் பார்த்தார். 'சார், நான் எல்லாத்துலயும் மூணு சேத்து எழுதிட்டேன். கழிச்சுட்டா சரியாயிடும்.' சொல்ல வேண்டியது இதுதான். ஒழுங்காகச் செய்த தப்பு என்பதால் ஒரே கழித்தலில் எல்லாம் நேராகியிருக்கும். ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் இதே கூடம் அவருக்காகக் கைதட்டியிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. சரியான புள்ளிவிவரம் வரும்வரை முடிவைத் தள்ளிவைப்பதாக அறிவித்தார்கள். அடுத்த வாரமே வலைக்கான ஏலம் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நீங்க இந்த மேசையில உக்காந்து கார்டு எழுதினதை நான் பாத்திருக்கேன். பலகையில பாத்ததையா எழுதினீங்க?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"நாளைக்குப் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. தலையா போயிடும்?"

"பாக்கலாம்."

"நீங்க பாக்கலாம்னா, செய்ய மாட்டேன்னு அர்த்தம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கறேன்."

மறுநாள் போகவில்லை. மறுவாரமும் போகவில்லை. ஆராய்ச்சிக்காரப் பெண் அதன்பிறகும் நாலு மாதம் ஊரில் இருந்தாள். இரண்டு தடவை சுவருக்கு வந்தாள். அவரோடு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கடலைப் பார்த்துவிட்டுப் போனாள். திட்டத்தை மூடிவிட்டதாகக் கடிதம் வந்தது. பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே இருந்தவர்களை இருபது நிமிடத்தில் வெளியே எடுத்துவிட்டார். குழந்தையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆராய்ச்சிக்காரப் பெண் ஊரை விட்டுப் போன அந்த வருடம் முட்டையிட வந்த தாய் மீன்கள் வலையில் கூடை கூடையாக விழுந்தன. சந்தையில் கொடுவா மலிந்துவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது. அதற்கு அடுத்த வருடம் அவ்வளவு இல்லை. நாலாவது வருடம், காலை முழுக்க நின்றாலும் தூண்டில் நரம்பு ஒரு தடவைகூட இழுபடவில்லை. சுவரில் ஆட்கள் குறைந்தார்கள். காசாளர் பணி மாறிப் போனார். ஓட்டுநர்கள் ஞாயிற்றுக்கிழமை தூங்க ஆரம்பித்தார்கள். லிஃப்ட்காரர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். போகாமல் இருந்தால் ஏன் போகவில்லை என்று மனைவிக்குச் சொல்ல வேண்டியிருக்குமே. சான்றிதழ் இருந்த இடத்தில் இப்போது நாள்காட்டி தொங்கியது.

ஆறாவது வருடம் ஒரு சனிக்கிழமை, முடிதிருத்தும் கடையில் முகம் முழுக்க நுரையோடு அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கடையில் வேறு ஆள் இல்லை. முடிதிருத்துபவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, சொல்ல வந்ததைப் போலவும் சொல்லாததைப் போலவும் சொன்னார்.

"ஏம்ப்பா, அந்தப் பொண்ணு இருந்திருந்தா இன்னமும் நாம எல்லாரும் சுவர்ல நின்னுட்டிருப்போம், இல்ல?"

முடிதிருத்துபவர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நீ மூணு சேத்து எழுதினது எங்க எல்லாருக்கும் தெரியும். பட்டியல்ல உன் மீனைப் பாத்தாலே மூணு கழிச்சுத்தான் படிப்பேன். நானும்தான் சேத்தேன். ஆனா நான் எழுதினது பதினாறோ பதினேழோ கார்டுதான். ஒரு நாள் ரெண்டு, ஒரு நாள் அஞ்சு. எனக்கே ஞாபகம் இல்ல. உன்னோடதுதான் ஒரே சீரு."

லிஃப்ட்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கத்தியை விலக்கினார். "தெரிஞ்சிருந்தா அன்னிக்கு ஏன்டா சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." முடிதிருத்துபவர் கண்ணாடி வழியாகவே அவரைப் பார்த்தார். "எழுந்திருக்கறதுக்கு நீ நாற்காலியைப் பின்னால தள்ளின மாதிரிகூட இருந்துச்சு. ஆடாதே, வெட்டிடப் போவுது."

கன்னத்தில் கத்தி இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். லிஃப்ட் பழுதுக்கு அறிக்கை எழுதிப் பழகிய கை. சுற்றி வளைக்கத் தெரியவில்லை. தான் கொடுத்த நானூற்றுப் பன்னிரண்டு கார்டுகளிலும் பலகையில் கண்ட நீளத்தோடு மூன்று சென்டிமீட்டர் சேர்த்து எழுதியதாகவும், எதிலும் கூடவோ குறையவோ இல்லை என்றும், எல்லாவற்றிலும் மூன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுதினார். பட்டினி என்று சொன்னது பொய் என்று தனியாக ஒரு வரி. மன்னிப்புக் கேட்டு எழுதிய வரியை அடித்துவிட்டு, மறுபடி எழுதினார். கைபேசி எண்ணோடு கையெழுத்துப் போட்டார். மனைவி பின்னால் நின்று முழுக்கப் படித்தாள். பிறகு உறை எடுத்துவரப் போனாள்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று மீன்வளத் துறையில் யாருக்கும் தெரியவில்லை. பழைய ஆராய்ச்சி நிலைய முகவரிக்கே அனுப்பினார். மாதங்கள் போயின. திரும்பியும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மனைவி ஒருநாள், "போய்ச் சேந்திருக்கும்ங்க" என்றாள். அவர் தலையாட்டினார்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மதியம், ஒரு கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் இயந்திர அறையில் வேலையாக இருந்தபோது கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண். கையைப் பழைய வேட்டித் துணியில் துடைத்துக்கொண்டு படித்தார்.

"அண்ணா, உங்க கடிதம் மூணு ஆபீஸ் சுத்திட்டு நேத்துதான் கைக்கு வந்துச்சு. கூட்டம் முடிஞ்ச மறுநாளே உங்க கார்டு எல்லாத்துலயும் மூணு கழிச்சுப் பாத்தேன். ஒரு மீன்கூடச் சுருங்கல. எல்லாம் அழகா வளந்திருந்துச்சு. ஆனா நானா கழிச்சா செல்லாது, அளந்தவங்க சொல்லணும். உங்ககிட்ட வந்து கேக்கலாம்னு ரெண்டு தடவை சுவருக்கு வந்தேன். நான் கேட்டு நீங்க சொன்னா, நான் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு திரும்பிட்டேன். அப்பவே கேட்டிருக்கணும். அது என் தப்பு. இப்ப திருத்திட்டேன், உங்க கடிதத்தையும் கூடச் சேத்துட்டேன். நம்ம முகத்துவாரத்துக்கு இனிமே இது உதவாது, அங்க நிலைமை என்னன்னு கேள்விப்பட்டேன். வேற கடற்கரையில இதே மீனுக்காகப் போராடறவங்க கேட்டிருக்காங்க, அவங்களுக்கு அனுப்பப் போறேன். அளந்தவர்னு உங்க பேரைப் போடட்டுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."